தொடாத தோள்

என் நைனாவுக்கு,

நாளைக்கு உனக்கு வருஷத் திதி. அம்மா கத்தரிக்காயும் கருவாடும் வாங்கி வைத்துவிட்டாள். உனக்குப் பிடித்ததையெல்லாம் நினைவாகச் செய்கிறாள். உன்னை நேராகப் பார்க்க முடியாத நான்தான் ஒதுங்கி உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

போன வாரம் செங்கல்பட்டு கோர்ட்டில் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். கும்பல் சேர்ந்து அடித்ததற்காக ஆறு பேருக்கு ஜெயில். கொலை என்பது ருசுவாகவில்லையாம். உன் தலையில் மண்வெட்டியால் போட்டவன் விடுதலையாகிவிட்டான்.

உன் உயிர் போனது தலைக்காயத்தால்தான் என்று டாக்டர் சொன்னார். அந்த மண்வெட்டி யார் கையில் இருந்தது என்பதுதான் கேஸே. மதகுக் காவலுக்கு இருந்த நீ, ஏரி மதகை முறை தவறித் திறக்கமாட்டேன் என்று சொன்னதற்காகப் பக்கத்து ஊரே திரண்டு வந்தது. வயலில் இருந்தவர்கள் ஓடிவிட்டார்கள். உனக்குக் கஞ்சி கொண்டுவந்த நான் மட்டும் பனைமரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அவன் மண்வெட்டியைப் புல்லில் துடைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து, "வூட்டுக்குப் போ பொண்ணு" என்றான். அவன் பேர்தான் அப்போது எனக்குத் தெரியாது. முகம் தெரியும்.

இருபது நாள் கழித்து, ஆளை அடையாளம் காட்ட என்னை ஜெயிலுக்குள் கூட்டிப் போனார்கள். பத்துப் பேர் வரிசையாக, சட்டையில்லாமல், வெறும் தோளோடு நின்றார்கள். மாஜிஸ்திரேட் நல்ல மனிதர். "பயப்படாதே அம்மா. அன்னிக்குப் பார்த்த ஆள் இருந்தா கிட்டப் போய்த் தோளைத் தொட்டுக் காட்டு" என்றார்.

நான்காவது ஆள். பார்த்த உடனே தெரிந்துவிட்டது, நைனா.

ஆனால் தொடச் சொன்னாரே! நான் பெரியவளாகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்தை நிறுத்தியதே வழியில் ஆம்பளைகள் கண்ணில் படக்கூடாது என்றுதானே? பத்துப் பேரும் என்னையே பார்த்தார்கள். அவன் தோளில் வியர்வை வழிந்தது. என் கை தாவணியைப் பிடித்தது பிடித்தபடி நின்றுவிட்டது. விரலை நீட்டியாவது காட்டியிருக்கலாம். அதுகூட அப்போது தோன்றவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "தெரியல" என்றேன்.

குமாஸ்தா அதை எழுதிக்கொண்டார்.

கோர்ட்டில் கூண்டு ஏறியதும் விரலை நீட்டி, "இவருதான்" என்று சொன்னேன். எதிர்க்கட்சி வக்கீல் அந்தக் காகிதத்தைத் தூக்கிப் பிடித்தார். "அன்னிக்குப் பக்கத்துல நின்னு பார்த்தே, தெரியலன்னே. இன்னிக்கு இவ்வளவு தூரத்துல தெரியுதா? நடுவுல யாரு சொல்லிக் குடுத்தது? உங்க அம்மாவா?"

தொடச் சொன்னார்கள், வெட்கமாக இருந்தது என்று சொல்ல வேண்டியதுதானே? அத்தனை பேருக்கு நடுவில் அந்தச் சொல்லைச் சொல்லவும் வெட்கம். மறுபடியும் தாவணியைப் பிடித்துக்கொண்டேன். நான் நின்ற நிலையைப் பார்த்து எல்லோரும் அம்மா பக்கம் திரும்பினார்கள்.

தீர்ப்பிலும் அதையே எழுதிவிட்டார்கள். தாய் சொல்லிக் கொடுத்த சாட்சியாக இருக்கலாமாம். இப்போது ஊரிலும் அதே பேச்சு. கிணற்றடியில் ஒருத்தி அம்மாவின் காதுபடவே, "பொண்ணுக்குப் பொய்யைக் கத்துக் குடுத்தவ வந்துட்டா, வயி வுடுங்கடி" என்றாள். அம்மா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம், "சொல்றவ சொல்லிகினு போவட்டும். நீ கொயந்த, அன்னிக்குப் பயத்துல ஆளு தெரியல. அதுக்கு நீ இன்னா பண்ணுவ?" என்றாள்.

தெரியவில்லை என்றுதான் அவள் இன்னும் நம்புகிறாள். எனக்குத் தெரிந்தது என்பதை அவளிடம் சொல்லவேயில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தீர்ப்பு அன்றைக்குத் திருப்போரூர் பஸ்ஸில் ஒரே நெரிசல். அம்மா முன்னால் ஏறிவிட்டாள். எனக்கு முன் நின்றவன் அவன். புதுச் சட்டை போட்டிருந்தான். என் கை தானாக எழுந்து அவன் தோளைத் தொட்டது. "இவருதான்" என்றேன். அவன் திரும்பிப் பார்த்தான், முகம் வெளுத்துவிட்டது. கண்டக்டர், "இன்னா கண்ணு, உங்க ஆளா? ரெண்டு பேரும் உள்ள போங்க" என்றார். நாலு பேர் சிரித்தார்கள்.

அவ்வளவுதான். தோளைத் தொடுவது அவ்வளவுதானா, நைனா? அதற்காகவா உன்னை விட்டுக் கொடுத்தேன்?

மதகில் தண்ணீர் விழும் இரைச்சலில் நான் பேசுவது கேட்காமல், "வாயில இன்னா கொயுக்கட்டயா? சத்தமா சொல்லு புள்ள" என்று நீ கத்துவாய். நான் சிரித்துக்கொண்டு அதைவிட மெல்லமாகச் சொல்வேன்.

நாளைக்கு உனக்குப் படைத்ததும், தெருச் சனம் சாப்பிட உட்காருவதற்கு முன்னால், அம்மாவிடம் சொல்லப் போகிறேன். எனக்குத் தெரிந்தது, தெரியவில்லை என்றது நான், அவள் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை என்று. கிணற்றடிக்காரியும் வருவாள். அவளுக்கும் கேட்கிற மாதிரி, சத்தமாகச் சொல்வேன். அதற்கப்புறம் அம்மா என்னை அடித்தாலும் சரி.

உனக்கு நியாயமும் வாங்கித் தராமல், அம்மா பேரையும் கெடுத்த
உன் மகள்,
அஞ்சலை