நாற்பது சைக்கிள் கம்பிகள்

பெர்லின்
2.3.2025

அன்புள்ள அத்தானுக்கு,

போனில் பேசினால் சண்டைதான் வருகிறது. அதனால் தாளில் எழுதுகிறேன். பொங்கலுக்கு வராததற்கு நீங்கள் திட்டியது நியாயம்தான். வியாழனைச் சுற்றும் பனிநிலவின் தரை எவ்வளவு கரடுமுரடு என்று லேசர் ஒளியை அனுப்பிக் கண்டுபிடிக்கிற வேலை என்னுடையது. வழவழப்பான தரை என்றால் ஒளி சட்டென்று திரும்பும். வெடித்த தரை என்றால் இழுத்துக்கொண்டு வரும். ஒரு செயற்கைக்கோள் நம் கரிசல்காட்டு நிலத்தையும் இப்படித்தான் அளக்கிறது. அதை வைத்து நான் போடும் கணக்கு சரியா என்று பார்க்க, தரையில் அளந்த அளவு வேண்டும். போன கோடையில் அனுப்பியது போல இந்தக் கோடையிலும் அனுப்புங்கள். அத்தோடு வேலை முடிந்தது. ஜூனில் ஒரேயடியாக வந்துவிடுகிறேன்.

உங்கள் ரேணு

கோவில்பட்டி
23.3.2025

அன்பு ரேணு,

"ஒரேயடியாக" என்று எழுதியிருந்ததை நாலு தரம் படித்தேன். பலகையில் நாற்பது சைக்கிள் கம்பியையும் செருகி, வெடிப்புக்குக் குறுக்கே வைத்து, எது எவ்வளவு இறங்கியது என்று அளந்தாயிற்று. தாள் இத்துடன். கொம்பையா அண்ணாச்சி வரப்பில் நின்று, "ஏலே, பூமிக்கு ஜாதகம் எழுதுதியா?" என்று கேலி செய்கிறார். போன வருஷத்தைவிட ஆழம் கூடுதல். சுருக்காக முடித்துவிட்டு வா.

உன் அருண்

பெர்லின்
11.5.2025

அத்தான்,

நம் காடு வழவழவென்று இருப்பதாகச் செயற்கைக்கோள் சொல்கிறது. உங்கள் தாளிலோ சாண் ஆழத்துக்கு வெடிப்பு. என் கணக்குதான் தப்பு என்று நம்பி, எல்லார் முன்னாலும் ஒத்துக்கொண்டேன். இரண்டு வருஷ உழைப்பு. நேற்றுதான் போன வருஷத்துத் தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நாற்பது அளவிலும் சரியாக இரண்டு மில்லிமீட்டர் கூடியிருக்கிறது. எந்தத் தரையும் இப்படி வெடிக்காது. காட்டை என்ன செய்தீர்கள்?

ரேணு

கோவில்பட்டி
25.5.2025

ரேணு,

பொங்கலுக்கு நீ வராத கோபத்தில் காட்டை சோலார் கம்பெனிக்காரர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். மாசியிலேயே புல்டோசர் விட்டு நிரவிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் உன் கடிதம் வந்தது. அளவு இல்லையென்றால் நீ வரமாட்டாயோ என்ற பயத்தில் போன வருஷத்து அளவையே கூட்டி எழுதினேன். அண்ணாச்சி கேலி செய்ததும் போன வருஷத்துக் கதைதான்.

இன்று பலகையைக் கொண்டுபோய் வைத்தேன். நாற்பது கம்பியும் ஒரே உயரத்தில் நின்றன. அந்தத் தாள் இத்துடன் இருக்கிறது. வெட்கமாக இருக்கிறது, ரேணு. வந்துவிடு.

அருண்

பெர்லின்
12.6.2025

அருண்பாண்டியன் அவர்களுக்கு,

வணக்கம். தாள் கிடைத்தது. செயற்கைக்கோள் சொன்னதோடு பொருந்துகிறது. என் கணக்கு சரிதான் என்று இங்கே ஏற்றுக்கொண்டார்கள். இன்னும் மூன்று வருஷம் இருக்கச் சொன்னார்கள். சரி என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் இருபதாம் தேதி டிக்கெட்டை ரத்து செய்தாயிற்று. மார்ச்சில் நீங்கள் அனுப்பிய தாள் வருவதற்கு முன்பே எடுத்து வைத்திருந்த டிக்கெட் அது.

ரேணுகாதேவி