வண்டியில் நீ சொன்ன மாற்றங்கள்

திண்டிவனம்,
9.11.2025

அன்புத் தம்பி ஹுதைஃபாவுக்கு,

அண்ணன் யூசுப் அலி ஸலாம் கூறி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நாங்கள் அனைவரும் நலம். அங்கே உன் நலமறிய ஆவல் என்று அடுத்த வரியை எழுதுவது முறை. இம்முறை அதை எழுதவில்லை. காரணத்தைக் கடிதத்தை முடிப்பதற்குள் அறிவாய்.

தொலைபேசி இருக்கக் கடிதம் எதற்கு என்பாய். தொலைபேசியில் நீ என்னைப் பேச விடுவதில்லை. ஒரு கேள்வி கேட்டால் சிக்னல் இல்லை என்கிறாய். அடுத்த நிமிடமே நான்கு நிமிட நீளத்துக்கு உன் குரல் பதிவு வருகிறது. அதில் சிக்னலுக்கு ஒரு குறையும் இல்லை. கடிதத்தை நீ நடுவில் துண்டிக்க முடியாது. நம் வண்டிக்கு வெல்டிங் வேலை செய்யும் சீனுவாசனின் மகன் ரஞ்சித், விடுப்பு முடிந்து பதினான்காம் தேதி மஸ்கட் திரும்புகிறான். உன் கையில் நேரில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

முதலில் கல்யாணச் செய்தி. உன் மகள் ஃபர்ஹீனின் நிக்காஹ் டிசம்பர் பதினான்கு, ஞாயிற்றுக்கிழமை, லுஹர் தொழுகைக்குப் பின், கோட்டக்குப்பம் பள்ளிவாசலில். மண்டபம் பேசியாயிற்று. உன் மனைவி சபியா பீவி பிரியாணிக் கணக்கை மூன்று முறை மாற்றிவிட்டாள். சமையல்காரர் இப்போது அவளைத் தவிர்த்து என்னிடம் மட்டுமே பேசுகிறார். மாப்பிள்ளை முஆத் அமைதியான பிள்ளை. அவனுடைய தகப்பனார் மட்டும் என்னைப் பார்க்கும்போதெல்லாம், சம்பந்தி எப்போது வருகிறார் என்று கேட்கிறார். விடுப்பு கேட்டிருக்கிறான் என்று இருமுறை சொன்னேன். மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை. அது கேட்டதைவிட மோசமாக இருந்தது.

சீசன் நேரத்தில் முதலாளி விடமாட்டார், அண்ணன் என் இடத்தில் உட்கார்ந்து நிக்காஹை முடித்து வைக்கட்டும், ஃபோனில் அனுமதி கொடுத்துவிடுகிறேன் என்று சபியாவிடம் சொல்லியிருக்கிறாய். ஜமாஅத்தில் விசாரித்தேன். அதற்கு இடமிருக்கிறது என்றார்கள். அதைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன்.

இனி, வண்டி.

மணல்வெளி முகாமில் சுற்றுலாக்காரர்களுக்கு நீ பழுது பார்த்துத் தரும் கூரையில்லாத பக்கி வண்டிகளைப் போல, நம் ஊர்ச் சாலையில் ஓட ஒன்று வேண்டும் என்று இரண்டு வருடத்துக்கு முன் விடுப்பில் வந்தபோது ஆசைப்பட்டாய். இருபத்தேழு வருடம் பாலிடெக்னிக்கில் எந்திரவியல் கற்பித்தவன் என்ற முறையில் நானே வரைபடம் போட்டேன். பழைய கார் ஒன்றின் அடிச்சட்டத்தை வெட்டி, விக்கிரவாண்டியில் சீனுவாசனின் பட்டறையில் குழாய்க் கூடு கட்டினோம். பின்பக்கம், சரக்கு ஆட்டோவிலிருந்து எடுத்த, காற்றால் குளிரும் எஞ்சின். ரேடியேட்டர் இல்லை, தண்ணீர் இல்லை, ஒழுக்கும் இல்லை. ஒலக்கூர் வரை போய்த் திரும்பினோம். ஒரு முறைகூட நிற்கவில்லை. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

இந்த ரமலானில், பத்தாம் நோன்பன்று, உன் குரல் பதிவு வந்தது. அந்த எஞ்சினைக் கழற்றிவிட்டு, உடைப்புக்கு வந்த காரிலிருந்து தண்ணீரால் குளிரும் எஞ்சினை, தானியங்கி கியரோடு சேர்த்து வைக்க வேண்டும். ஏன் என்று கேட்டேன். ரேடியேட்டர் முன்பக்கம், எஞ்சின் பின்பக்கம். நடுவில் ஒன்பது அடிக்குத் தண்ணீர்க் குழாய் ஓட வேண்டும், பதிவுப் புத்தகத்தில் எஞ்சினை மாற்றி எழுத விழுப்புரத்துக்கு அலைய வேண்டும், ஓடுகிற வண்டியை ஏன் கெடுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். "சொன்னதச் செய்ங்கண்ணே" என்று பதில் வந்தது. என் வயதுக்கும் படிப்புக்கும் நீ கொடுத்த மரியாதை அவ்வளவுதான்.

செய்தேன். குழாயில் காற்று அடைத்துக்கொண்டு தண்ணீர் சுற்றவில்லை. வண்டியின் மூக்கைத் தூக்கி நிறுத்தினால்தான் அந்தக் காற்று வெளியேறும். தட்டையான இந்த ஊரில் சரிவுக்கு எங்கே போவது? மேம்பாலச் சரிவில் மூக்கு மேலே இருக்கும்படி நிறுத்தி, கல் முட்டுக் கொடுத்து, லாரிகள் ஹாரன் அடிக்க, தண்ணீர் ஊற்றினோம். பிறகு சுங்கச்சாவடி வரிசையில் ஊர்ந்தபோது கொதித்துவிட்டது. விசிறி இல்லாத ரேடியேட்டருக்கு ஓடினால்தான் காற்று, நின்றால் இல்லை. ஆவி பறக்க நடுரோட்டில் நின்றிருந்த என்னைப் பார்த்து ஒரு லாரி டிரைவர், "இன்னா சார், இட்லி வெந்துட்ச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார். என்னிடம் படித்த இருவர் அதே வரிசையில் காருக்குள் இருந்தார்கள். இறங்கி வந்து வண்டியைத் தள்ளிவிட்டார்கள். சிரிக்காமல் தள்ளினார்கள்.

விசிறி பொருத்தினேன். இனிக் கொதிக்காது. ஆனால் நீ நிறுத்தவில்லை. ஓட்டுநர் பக்கத்துக் குழாயை அரையடி தாழ்த்தி வெட்டச் சொன்னாய்; கூட்டின் வலிமை குறையும் என்றேன், கேட்கவில்லை. தலைக்கு மேலே பிடித்துத் தொங்க ஒரு கைப்பிடி கேட்டாய். இருக்கை வெளிப்பக்கம் திரும்ப வேண்டும் என்றாய். கடைசியாக, இருக்கைக்குப் பக்கத்தில் மூன்றரை அடி நீளத்தில் எதையோ மாட்டி வைக்க இரண்டு கொக்கி. எதற்கு என்று கேட்டேன். குடை என்றாய். கூரையில்லாத வண்டியில், அறுபது கிலோமீட்டர் வேகத்தில், குடை. சீனுவாசனும் பொறுமை இழந்தார். "சார், ஒங்க தம்பி நாளிக்கு ஒண்ணு சொல்லிக்கினு இருக்காரு, எனக்கு பேஜாரா கீது" என்றார். அவரைச் சமாதானப்படுத்தும் வேலையும் எனக்கே வந்தது.

சென்ற செவ்வாய்க்கிழமை எல்லாம் முடிந்து, சீனுவாசன் முதல்முறையாக ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தார். காலைத் தரையில் அப்படியும் இப்படியும் தேய்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா சார் இது, எடது காலுக்கு லீவு வுட்டுட்டாரு ஒங்க தம்பி."

விளையாட்டாகத்தான் சொன்னார். நான் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, எட்டு மாதமாக நீ சொன்ன மாற்றங்களை வரிசையாக ஒரு தாளில் எழுதினேன். கிளட்ச் மிதிக்கத் தேவையில்லாத கியர். எட்டி வைக்கத் தேவையில்லாத வாசல். கையால் உடம்பைத் தூக்கிக்கொள்ளப் பிடி. வெளியே திரும்பி உட்காரும் இருக்கை. மூன்றரை அடியில் ஒரு கோல். ஒரு முதலாமாண்டு மாணவன் இந்தத் தாளைப் பார்த்திருந்தால், இதை ஓட்டப்போகிறவர் யார் என்று ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பான். எனக்கு எட்டு மாதம் பிடித்தது. அந்தக் குறை என்னுடையது.

மறுநாள் காலையே சீனுவாசன் வீட்டுக்குப் போய் ரஞ்சித்திடம் கேட்டேன். அவன் தரையைப் பார்த்தான். உன்னிடம் சத்தியம் செய்து கொடுத்திருப்பதாக முணுமுணுத்தான். அவனுடைய தாய் சின்னபொண்ணு அடுப்பங்கரையிலிருந்து வந்து, "சொல்லிட்றா. கூடப் பொறந்தவருடா அவுரு" என்றாள். அதன் பிறகு சொன்னான். பிப்ரவரியில் மணல்மேட்டில் வண்டி கவிழ்ந்ததையும், இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டதையும், ஒன்பது வாரம் மருத்துவமனையில் நீ கிடந்ததையும். ரமலான் பத்தாம் நோன்பன்று நீ எனக்கு அனுப்பிய குரல் அந்தப் படுக்கையிலிருந்து வந்தது. அந்தக் குரலோடு நான் தண்ணீர்க் குழாயைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தேன்.

உன் திட்டத்தையும் ரஞ்சித் சொன்னான். ஒற்றைக் காலோடு சம்பந்தி வீட்டார் முன் எப்படி நிற்பது என்று கேட்டாயாம். கல்யாணம் முடிந்து ஊர் ஓய்ந்த பிறகு வருவாய். வழியிலேயே இந்த வண்டியில் ஏறிக்கொள்வாய். கோட்டக்குப்பம் தெருவுக்குள் நீயாக ஓட்டிக்கொண்டு நுழைவாய். ஊர் வண்டியைப் பார்க்கும், காலைப் பார்க்காது.

ஹுதைஃபா, உன் மீது எனக்கு இரக்கம் வரவில்லை. கோபம் வந்தது, இன்னும் தணியவில்லை. கால் போனது விதி. அதை நான் கேள்வி கேட்கவில்லை. அதை என்னிடமிருந்து மறைத்தது விதியல்ல, நீ. உன் மனைவி சீசன் என்று நம்பி உன் முதலாளியைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். உன் மகள் நேற்று என்னிடம், "பெரியத்தா, அத்தா வீடியோ கால்ல ஒரு வாட்டிகூட எழுந்து நிக்கல, கவனிச்சீங்களா?" என்று கேட்டாள். ஃபோனைச் சுவரில் சாய்த்து வைத்துப் பேசுகிறான், அதனால்தான் என்றேன். ஐம்பத்தாறு வயதில், மணப்பெண்ணிடம், கூசாமல் பொய் சொன்னேன். அதை என்னைச் சொல்ல வைத்தவன் நீ.

ஆகவே என் முடிவு இது. வண்டியை நான் கட்டிக்கொடுத்தேன். உன் இடத்தில் நிக்காஹில் உட்கார மாட்டேன். மார்க்கம் அனுமதிக்கலாம், ஜமாஅத்தும் அனுமதிக்கலாம், நான் அனுமதிக்கவில்லை. நம் அத்தா மவுத்தாகும்போது உன்னை என்னிடம் ஒப்படைத்தார். உன் மகளுக்குத் தகப்பன் இல்லாதது போல அந்த மஜ்லிஸில் நான் உட்கார்ந்தால், அவருக்கு என்ன பதில் சொல்வேன்?

இந்த மாதம் இருபதாம் தேதிக்குள் சபியாவிடம் உன் வாயால் சொல்லிவிடு. இல்லையென்றால் இருபத்தொன்றாம் தேதி காலை நான் அவளை உட்கார வைத்துச் சொல்வேன். இது மிரட்டல் என்று நினைத்தால் அப்படியே நினைத்துக்கொள்.

வண்டியைப் பற்றி ஒரு விஷயம் மிச்சம் இருக்கிறது. நேற்றுப் பட்டறையில் என் இடது காலை மடித்துத் துண்டால் தொடையோடு கட்டிக்கொண்டு, கம்பு ஊன்றி, நாற்பது முறை ஏறி இறங்கிப் பார்த்தேன். சீனுவாசன் பக்கத்தில் நின்றார். நீ சொன்ன அளவில் கைப்பிடி நான்கு அங்குலம் உயரம். இரண்டு முறை கை நழுவி விழுந்தேன். இறக்கி வைத்துவிட்டோம். இப்போது சரியாக இருக்கிறது. படுக்கையில் கிடந்து கொடுக்கும் அளவு அப்படித்தான் பிசகும்.

டிக்கெட் எடுத்துவிட்டுத் தேதியைச் சொல். சென்னை விமான நிலையத்துக்குக் காரில் நான் மட்டும் வருகிறேன். வேறு யாரையும் அழைத்து வரமாட்டேன். ஊருக்கு முன்பே சீனுவாசன் வண்டியோடு காத்திருப்பார். ஓட்டிக்கொண்டுதான் தெருவுக்குள் நுழைவேன் என்றால் நுழை. நான் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன். ஆனால் டிசம்பர் பதினான்காம் தேதி பள்ளிவாசல் முன்னால், சம்பந்தியும் மாப்பிள்ளையும் ஊரும் பார்க்க, நீ இறங்க வேண்டும். உன்னைப் பிடிக்க நான் கை நீட்டமாட்டேன். ஓரடி தள்ளி நிற்பேன். நீயாக நடந்து போய் உன் மகளுக்காக உட்கார வேண்டும்.

வந்துவிடு. இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

உன்னை எந்த நிலையில் வைத்திருக்கிறானோ, அந்த நிலையிலேயே எங்களிடம் கொண்டுவந்து சேர்க்கும்படி ஒவ்வொரு தொழுகையிலும் அல்லாஹ்விடம் கேட்கிறேன். ஆமீன்.

கோபம் தணியாத உன் அண்ணன்,
யூசுப் அலி