கைதட்டினார்கள், அப்பா

சாப்பிட்டேன் அப்பா, உடம்புக்கும் ஒன்றுமில்லை. உங்கள் முட்டிவலி தேவலையா?

புதிதாகத் தொழில் தொடங்கியவர்கள் சனிக்கிழமைதோறும் ஒரு காபிக் கடை மாடியில் கூடிப் பேசுவோம். இன்று என் முறை வந்தபோது, "கம்பெனிய மூடிட்டேன்" என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். மூடியவர்களுக்குத் தைரியம் சொல்ல இங்கே அதுதான் வழக்கம்.

"வாங்க நம்ம சங்கத்துக்கு! நான் மூணு மூடியிருக்கேன்" என்றார் ஒருவர். நானும் சிரித்தேன்.

பக்கத்தில் இருந்த புரோகிராமர் அக்கா மட்டும், "வீட்ல சொல்லிட்டியாம்மா?" என்று கேட்டார்.

இரண்டு மாதமாக ஃபோனில் "நல்லா போகுதுப்பா" என்று உங்களிடம் பொய் சொன்னேன். உங்கள் குரலைக் கேட்டால் உண்மை வராது; அதனால்தான் கடிதம். அம்மா சாப்பிட்ட பிறகு நீங்களே சொல்லிவிடுங்கள். திட்டியாவது நாலு வரி எழுதுங்கள்.

எல்லோரும் போகும்வரை நாற்காலிகளை மடக்கி வைத்தேன். பிறகு படிக்கட்டில் உட்கார்ந்து இதை எழுதினேன்.