இருபத்துநாலு அடி ஷெட்

மரத்தூள் ஒட்டிய சட்டையோடு சாப்பிட உட்கார்ந்து அம்மாவிடம் திட்டு வாங்கும் என் அப்பாவுக்கு,

அம்மா தூங்கியாச்சு. சரித்திர நோட்டின் கடைசிப் பக்கங்களில் இதை எழுதுகிறேன். அடுத்த அறையில் பெரியப்பா படுத்திருக்கிறார்கள். அவர்கள் இருமும்போதெல்லாம் நோட்டை மூடிவிடுகிறேன். அதனால் வரிகள் கோணலாக இருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நாளைக் காலையில் கோவிந்தசாமி கொத்தனார் வருகிறார். ஷெட்டின் கிழக்குச் சுவரில் நீங்கள் இடித்த ஓட்டையை அடைக்கப் போகிறார்கள். விமானத்தின் வால் அது வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதே, அதை முதலில் இரண்டு அடி அறுத்துவிடச் சொல்லியிருக்கிறார்கள் பெரியப்பா. இதற்கெல்லாம் காரணமான ஒன்றை உங்களிடம் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத் தைரியம் வருகிறவரை வேறு எதையாவது எழுதுகிறேன்.

கார் ஷெட் கட்டப்போகிறேன் என்று நீங்கள் சொன்ன நாள் நினைவிருக்கிறதா? அம்மா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். "எந்தக் காருக்கு?" என்று கேட்டாள்.

"கார் இல்ல, பிளேன். பிரான்சிலேர்ந்து துண்டு துண்டா பெட்டியில வரும். நாம ஒட்டிக்கணும். பட்டாளத்துல பதினஞ்சு வருஷம் வெள்ளைக்காரன் பிளேனுக்கு ஸ்க்ரூ முடுக்கியாச்சு. இனிமே நமக்கு ஒண்ணு."

அம்மா முறத்தைக் கீழே வைக்கவே இல்லை. "கொல்லைக் கதவுக்கு ஒரு ஸ்க்ரூ முடுக்கச் சொல்லி ஆறு மாசம் ஆச்சு" என்றாள்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களைச் சொல்தா என்றே கூப்பிடும் டீக்கடையில் உங்களைச் சும்மா விட்டார்களா? "ஏங்க சொல்தா, இந்த ஊருக்கு ரயிலே ஒழுங்கா வரதில்ல, நீங்க பிளேன் விடப்போறீங்களாமே. திருநள்ளாறுல நிக்குமா?" என்று கேட்டார்கள். "கைகாட்டினா நிக்கும்" என்றீர்கள். நான் பக்கத்தில் பன் தின்றுகொண்டு நின்றேன். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

தரைக்கு மட்டம் பார்த்தது மூன்று நாள். இரு முனையிலும் கண்ணாடி செருகி, தண்ணீர் நிரப்பிய ரப்பர் குழாயின் ஒரு முனை உங்கள் கையில், மறுமுனை என் கையில். "உன் பக்கம் எவ்வளவு?" "கோட்டுல நிக்குதுப்பா." "கோட்டுலயா, கோட்டுக்கு மேலயா?" ஒரு நெல் கனம் ஏறினாலும் விடமாட்டீர்கள். தரை கோணினால் அதன்மேல் வைத்து ஒட்டும் மேஜை கோணும், மேஜை கோணினால் பிளேனின் உடம்பு கோணும், உடம்பு கோணினால் ஆகாயத்தில் அது தன் இஷ்டத்துக்குப் போகும் என்பீர்கள்.

கடல் காற்றில் பிளேனின் மரம் ஊறிவிடும் என்று இரண்டு பெரிய பல்பை எப்போதும் எரியவிட்டீர்கள். சைக்கிள் கடையில் பழைய டியூப் வாங்கி வந்து நாடாவாகக் கிழித்தோம். ஒட்டின இடத்தைச் சுற்றி இறுக்கிக் கட்ட அதுதான் தோது. ஒவ்வொரு முறை பசை கலக்கும்போதும் இரண்டு சிறு துண்டை ஒட்டிக் காயவைத்து, மறுநாள் என்னை உடைக்கச் சொல்வீர்கள். ஒட்டு விட்டால் பசை தப்பு. மரமே பிளந்தால் பசை சரி. நான் பல்லைக் கடித்துக்கொண்டு வளைப்பேன். மரம் பிளந்ததும் இருவரும் சிரிப்போம். சாமானை உடைத்ததற்காக யாராவது மகளைப் பாராட்டுவார்களா? நீங்கள் பாராட்டினீர்கள்.

சரி. இப்போது சொல்லிவிடுகிறேன்.

ஷெட்டின் உள் நீளம் இருபத்துநாலு அடி என்று சொல்லியிருந்தீர்கள். மேஜை இருபது, சுற்றி வர இரண்டு பக்கமும் இரண்டிரண்டு. பெட்டிகளை எடுத்துவர நீங்கள் மெட்ராஸ் துறைமுகத்துக்குக் கிளம்பிய அன்று கொத்தனார் என்னைக் கூப்பிட்டார். "பாப்பா, மனையடிக் கணக்குல இருபத்துநாலு ஆகாது. இருபத்திரண்டு வச்சா யோகம். அப்பா கிளம்புறதுக்குள்ள ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லு."

நான் உள்ளே வந்து காலண்டரின் பின்பக்கத்தைப் பார்த்தேன். இருபத்துநாலுக்கு நேரே, வீட்டுத் தலைவருக்கு ஆயுள் குறைவு என்று போட்டிருந்தது. நீங்கள் சட்டைக்கு பட்டன் போட்டுக்கொண்டிருந்தீர்கள். கேட்டால் சிரித்துவிட்டு இருபத்துநாலே போடச் சொல்வீர்கள் என்று தெரியும். நான் கேட்கவில்லை. உங்களை பஸ் ஏற்றிவிட்டு வந்து, "அப்பா சரின்னுட்டாங்க" என்று கொத்தனாரிடம் சொன்னேன்.

நீங்கள் திரும்பி வந்தபோது சுவர் இடுப்பளவுக்கு எழும்பியிருந்தது. டேப்பைப் பிடித்துப் பார்த்தீர்கள். இன்னொரு முறை பிடித்தீர்கள். "என்னங்க இது?" என்று நீங்கள் கேட்டதும் கொத்தனார், "நீங்கதானே பாப்பாகிட்ட சரின்னு சொல்லி அனுப்பினீங்க" என்றார். நான் டேப்பின் மறுமுனையில் நின்றேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்களா, என் கையில் இருந்த டேப்பைப் பார்த்தீர்களா, இன்றுவரை தெரியவில்லை. "ஆமா, நான்தான் சொன்னேன். மறந்துட்டேன்" என்றீர்கள்.

அதற்குப் பிறகு ஒரு நாள்கூட என்னிடம் அதைக் கேட்கவில்லை. வால் பகுதியைக் கூட்டும் நாள் வந்தது. பின்னால் நின்று வேலை பார்க்க இடமில்லை. பிளேனின் உடம்பை முன்பின் தள்ளிப் பார்த்துவிட்டு, கடப்பாரையை எடுத்து நீங்களே சுவரை இடித்தீர்கள். வால் வெளியே போனது. மழைக்கு அதன்மேல் தகரக் கூடு அடித்தீர்கள். நாலாவது மாசம் உங்களுக்கு மார்வலி வந்தது, அதோடு போய்விட்டீர்கள்.

இன்றைக்குச் சாயங்காலம் பெரியப்பா அம்மாவிடம் சொன்னார்கள்: "அவன்தானே சாஸ்திரம் பார்த்து இருபத்திரண்டுன்னு ஒத்துக்கிட்டான்? கட்டினவனே ஈசானிப் பக்கத்துச் சுவர இடிப்பானா? திமிரு. பொண்டாட்டி பிள்ளைய நினைச்சானா அவன்?"

அதற்கு அம்மா சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, அப்பா. உங்களுக்காக எல்லாரிடமும் சண்டை போடுகிற அம்மா, தலையைக் குனிந்துகொண்டு, "அடைச்சிடுங்க மாமா" என்றாள். நீங்கள் எங்களை நினைக்கவில்லை என்று அம்மாவே நம்ப ஆரம்பித்துவிட்டாள்.

பெரியப்பா அடித்தால் அடிக்கட்டும். எனக்கு அது பயமில்லை. சொன்னதும் அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கும் பார்வைதான் பயம். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் சுவரை இடித்திருக்க வேண்டாம். சுவரை இடிக்காமல் இருந்தால்? நீங்கள் சொன்னபடி இருபத்துநாலே கட்டியிருந்தால்? காலண்டரில் எந்தப் பக்கம் திருப்பினாலும் நீங்கள் இல்லை. உங்களைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னேன். இதை நம்புவீர்களா? நம்பியதால்தான் அன்றைக்கு அந்தப் பழியை ஏற்றுக்கொண்டீர்களா?

பெரியப்பா மறுபடியும் இருமுகிறார்கள். சீக்கிரம் முடிக்கிறேன்.

நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன். கொத்தனார் வருவதற்குள் வாலுக்கும் ரம்பத்துக்கும் நடுவில் போய் நின்றுகொள்வேன். அம்மா, பெரியப்பா, கொத்தனார் மூன்று பேரும் இருக்கும்போது, "அப்பா சொல்லல. நான்தான் சொன்னேன். அப்பா எனக்காகத்தான் ஆமான்னாங்க" என்று சொல்வேன். யார் குறுக்கே பேசினாலும் முழுசாகச் சொல்லிவிடுவேன்.

அதோடு இன்னொன்றும் கேட்பேன். சுவரை அடைக்கத்தான் வேண்டும் என்றால் வாலை அறுக்க வேண்டாம், வாலுக்கு வெளியே தள்ளிக் கட்டுங்கள் என்று. இரண்டு அடிதான். இருபத்துநாலு அடிக்கு வரக்கூடியதெல்லாம் இந்த வீட்டுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது, இனிமேல் அந்த அளவுக்கு நாங்கள் பயப்பட வேண்டியதில்லை.

நூல் பிடிக்கும்போது மறுமுனையை நானே பிடித்துக்கொள்வேன். இது சத்தியம்.

உங்களைக் கேட்காமல் உங்கள் பெயரில் பேசிய
உங்கள் மகள்,
தேவகி