லேப்டாப்பில் ஓடிய கிளவுட் வேலை

செவ்வாய் இரவு, பிரிக்பீல்ட்ஸ்

இன்று ஜெயித்துவிட்டேன். போர்ட் கிள்ளான் லோரிகளுக்கான காலைப் பட்டியல் மூன்று நாளாக வரவில்லை. அதைத் தயாரிக்கும் புரோகிராம் கிளவுடில், அதாவது தொலைவில் இருக்கும் வாடகைக் கணினிகளில், அரை மணி நேரம் ஓடிவிட்டு நின்றுபோகும். ஒரு வரியைத் திருத்தினாலும் மறுபடி அரை மணி நேரம். வேலையை வேறு ஆளிடம் கொடுக்கப்போவதாக மேலாளர் சுரேஷ் நேற்றுச் சொல்லிவிட்டார்.

இன்று காலை, கிளவுடில் இருக்கும் அதே சூழலை, கன்டெய்னர் என்று நாங்கள் சொல்லும் ஒரு மென்பொருள் பொதியாக என் லேப்டாப்பில் இறக்கி, நேற்றைய தரவைக் கொடுத்து ஓட்டினேன். இரண்டே நிமிடத்தில் தவறு தெரிந்தது. ஒரு வரியில் தேதி இருக்க வேண்டிய இடத்தில் லோரி எண். திருத்தி, பதினோரு முறை இங்கேயே ஓட்டிப் பார்த்து, பிறகுதான் கிளவுடில் ஏற்றினேன். முதல் முறையிலேயே முடிந்தது.

துறைமுகத்தில் சரக்குக் கன்டெய்னர் லோரிகளை அனுப்பும் மாலா அக்கா போன் செய்தார். "லிஸ்ட் வந்துருச்சு லா! மூணு நாளா டிரைவருங்ககிட்ட ஏச்சு வாங்கினேன். எப்படிம்மா பண்ணே?"

"என் லேப்டாப்புலயே ஒரு கன்டெய்னர் வச்சு ஓட்டினேன்க்கா."

"லேப்டாப்புல கன்டெய்னரா? எத்தனை அடி?"

சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

மாலையில் சுரேஷ் என் மேசைக்கு வந்தார். "நாளைக்கு இத மத்தவங்களுக்கும் சொல்லிக் குடுங்க" என்றார். சரி என்றேன். குரல் மட்டும் சந்தோஷத்தில் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.