கறுப்புப் புகை கேட்ட தம்பிக்கு

இலத்தூர், தென்காசி.
ஆகஸ்ட் 9.

அன்புள்ள தம்பி ஜெஸ்வினுக்கு,

அக்கா ஷெர்லின் எழுதுகிறேன். நீ நல்லபடியாக இங்கிலாந்து போய்ச் சேர்ந்ததை அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அங்கே இப்போது இரவுச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் வெளிச்சம் இருக்கிறதாம், படம் எடுக்க வசதி என்று அம்மாவிடம் சொன்னாயாம். எனக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாட்ஸப்பில் நான் அனுப்பியதற்கெல்லாம் நீல டிக் விழுகிறது, பதில்தான் இல்லை. அதனால்தான் காகிதம் எடுத்தேன். போனில் வருவதை விரலால் தள்ளிவிடலாம். இதைக் கிழிக்கவாவது உனக்கு இரண்டு கையும் வேண்டும்.

உன் அத்தானைப் பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து போன வாரம் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். தீக்காயம் இடது கன்னம், காது, கழுத்தில்தான் அதிகம். கைகளில் தோல் ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். விரல் மடங்க நாளாகும் என்றார்கள். காலையில் ஒரு ரப்பர் பந்தைக் கையில் வைத்து அமுக்கச் சொல்கிறேன். பந்து அப்படியே இருக்கிறது, அவருக்குத்தான் வியர்த்துப்போகிறது. உன்னைப் பற்றிக் கேட்டார். புது வேலை, நேரம் இருக்காது என்று நானே ஒரு பதில் சொல்லிவைத்தேன்.

இந்த வருஷம் சாரல் நன்றாக விழுகிறது. குற்றாலத்தில் லாட்ஜ் எல்லாம் நிறைந்துவிட்டது. தோப்புக்குள்ளே சுற்றுலாக்காரர்களுக்காக விடுகிற அந்தப் பழைய நீராவி எஞ்சினை டிரஸ்டுக்காரர்கள் மறுபடியும் ஓட்டத் தொடங்கிவிட்டார்கள். அத்தான் இடத்தில் கரி அள்ளிப்போட வேறு ஃபயர்மேன் வந்திருக்கிறான். சனி, ஞாயிறுகளில் விசில் சத்தம் அடுப்பங்கரை வரைக்கும் கேட்கிறது. அத்தான் பந்தைக் கீழே வைத்துவிட்டு, வண்டி போய்த் திரும்புகிற வரைக்கும் அதை எடுக்கமாட்டார்.

நான் எழுத வந்த விஷயம் விபத்து விசாரணை. டிரஸ்டு மேனேஜர் பிச்சுமணி சார் ஒரு காகிதம் தயார் செய்திருக்கிறார். ஃபயர்மேன் பிரின்ஸ் யார் சொல்லையும் கேட்காமல், தன் இஷ்டத்துக்கு நிலக்கரியை அள்ளிப் போட்டதால்தான் தீ வெளியே பாய்ந்தது என்று அதில் இருக்கிறது. இது நிலைத்துவிட்டால் அத்தானுடைய பாய்லர் சான்றிதழையும் ரத்து செய்யச் சொல்லி எழுதுவார்களாம். பிறகு கை சரியானாலும் எந்த மில்லிலும் அவரைப் பாய்லர் பக்கம் விடமாட்டார்கள்.

அன்று நடந்தது உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நீ அதை அப்படியே எழுதி அனுப்ப வேண்டும். நீ கூட்டிவந்த வெளிநாட்டுப் போட்டோக்காரர்களுக்காகத்தான் அன்று வண்டி ஓடியது. பாலத்தருகே நின்று அவர்கள் படம் எடுப்பதற்காக வண்டியைப் பின்னால் கொண்டுபோவதும், மறுபடி வேகமாக ஓடிவருவதுமாகச் சாயங்காலம் வரை போனது. எஞ்சின்காரர்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்த நானும் தென்னை மரத்தடியில்தான் நின்றேன். டிரைவர் குற்றாலிங்கம் அண்ணாச்சி போதும் என்று இறங்கப் பார்த்தார். நீதான் எஞ்சினில் ஏறி, “அத்தான், இன்னும் ஒரே ஒரு மட்டம். புகை வெள்ளையா வருது, படத்துல நிக்காது. கறுப்பா வேணும்” என்றாய். பிச்சுமணி சார் கீழே நின்று, “சார் கேக்காருல்லா, போடுங்க” என்றார். அத்தான் உன் முதுகில் தட்டி, “சரி மாப்ளே, உனக்காவ” என்றது என் காதில் விழுந்தது.

எஞ்சின் பாலத்தில் ஏறும்போது உன் ஆட்களில் ஒருவர் தண்டவாளத்தில் இறங்கிவிட்டார். அண்ணாச்சி ஆவியைச் சட்டென்று அடைத்தார். ஆவி நின்றால் புகைபோக்கியில் இழுப்பும் நின்று தீ பின்னால் திரும்பும் என்று அத்தான் எத்தனையோ முறை நம் இரண்டு பேருக்கும் சொல்லியிருக்கிறார். உனக்குக் கறுப்பு வேண்டும் என்பதற்காகத் தூள் கரியை அள்ளிப்போட்டு, இன்னும் போட நெருப்புப் பெட்டியின் கதவைத் திறந்து வைத்திருந்தார். தீ அந்த வழியாக வந்தது.

“புகை கேட்டது நான், மேனேஜர் சம்மதித்தார், தண்டவாளத்தில் இறங்கியது என் விருந்தாளி.” இவ்வளவுதான் நீ எழுத வேண்டியது. நான் சொன்னால் பெண்டாட்டி சொல்கிறாள் என்கிறார்கள். நீ சொன்னால் எடுபடும். உன் வேலைக்கு ஒன்றும் வராது என்று நினைக்கிறேன். வந்தாலும் எழுதுவாய் என்றும் நினைக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் பதிலுக்கு வழி பார்க்கும் அக்கா,
ஷெர்லின்.


இலத்தூர்.
அக்டோபர் 21.

தம்பி ஜெஸ்வினுக்கு,

நீ எழுதியது வந்தது. எனக்கு அல்ல, பிச்சுமணி சாருக்கு. விசாரணை அன்று தோப்பில் தகரக் கொட்டகையின் கீழ் நாற்காலிகள் போட்டு, அதை எழுந்து நின்று வாசித்தார். நல்ல இங்கிலீஷ். வரிக்கு வரி தமிழிலும் சொன்னார். நீ விருந்தினர்களோடு பாலத்தருகே நின்றாயாம். எஞ்சினுக்குள் யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பது உனக்குத் தெரியாதாம். உன் அத்தான் நல்ல உழைப்பாளியாம், ஆனால் சில நேரம் ஆர்வக்கோளாறில் அளவு தெரியாமல் செய்துவிடுவாராம். அவர் சீக்கிரம் குணமாக நீ ஜெபிக்கிறாயாம்.

ஆர்வக்கோளாறு. அந்த வார்த்தையை எங்கே பிடித்தாய்? சுரண்டையில் அரிசி மில் பாய்லரைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்த மனிதரை, எஞ்சினுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று வீட்டுக்கு நடையாய் நடந்து கூப்பிட்டது யார்? நான் வேண்டாம் என்றேன். மில்லில் ஒரு தொந்தரவும் இல்லை. நீ அவரை எஞ்சின் பார்க்க ஒருநாள் கூட்டிப்போனாய். திரும்பி வந்து, “மில்லு பாய்லர் நின்ன எடத்துலயே கெடந்து கொதிக்கும் ஏட்டி. இது ஓடுதுல்லா” என்றார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

குற்றாலிங்கம் அண்ணாச்சி எழுந்து நடந்ததை நடந்தபடி சொன்னார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், இந்த வேலையும் போனால் வீட்டில் சும்மா உட்கார வேண்டியதுதான். ஆனாலும் சொன்னார். “பயல் ஏறி வந்து கேட்டான், மேனேஜர் போடச் சொன்னாரு, நான் ஆவிய அடச்சேன். பிரின்ஸு மேல ஒரு தப்பும் கெடையாது.” தன் பிழையை மறைக்கத்தான் இப்படிப் பேசுகிறார் என்று சொல்லிவிட்டார்கள். பாலத்தருகே நின்றவரே எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று உன் காகிதத்தை உயர்த்திக் காட்டினார்கள். அண்ணாச்சியை மறுநாளே நிறுத்திவிட்டார்கள். அவர் நமக்கு ஒன்றும் உறவில்லை.

சான்றிதழ் போய்விட்டது. வெளியே வந்ததும் அத்தான், நின்றிருந்த எஞ்சின் பக்கத்தில் போய் அதன் பித்தளைக் குழாயைக் கட்டுப் போட்ட கையால் தொட்டுப் பார்த்தார். புதுப் பையன், “தொடாதீங்க, சூடு” என்றான். அத்தான் தலையை ஆட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

உன்னைத் திட்டி எழுதக் கூடாது என்று வரும் வழியில் ஆட்டோவிலேயே என்னிடம் சத்தியம் வாங்கப் பார்த்தார். “அவன் இப்பதான் ஒரு எடத்துல ஏறிருக்கான். இழுத்து விட்டுராத” என்றார். நான் சத்தியம் செய்யவில்லை. திட்டவும் இல்லை, வாசித்ததை வாசித்தபடி எழுதியிருக்கிறேன்.

ஷெர்லின்.


இலத்தூர்.
டிசம்பர் 18.

தம்பி ஜெஸ்வினுக்கு,

கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய பார்சல் அம்மாவிடம் வந்து சேர்ந்தது. அம்மாவின் ஸ்வெட்டர் அளவு சரியாக இருக்கிறது. சுரண்டையில் அதைப் போடுகிற அளவுக்குக் குளிர் கிடையாது, ஆனாலும் கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போகிறார்கள். அத்தானுக்கு நீ வைத்திருந்த கையுறையை நான் கொடுக்கவில்லை. விரல் அதற்குள் போகாது.

உன் படம் முதல் பரிசு வாங்கியதை அம்மாதான் சொன்னார்கள். அந்தப் போட்டிக்கு உலகம் முழுவதிலிருந்தும் நீராவி எஞ்சின் படங்கள் வந்தனவாம், அதில் உன்னுடையதுதான் முதலாம். போன வாரம் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கண் காட்டப் போன அம்மாவை, பாஸ்டரம்மா அப்படியே குற்றாலத்துக்கும் கூட்டிப்போயிருக்கிறார். அங்கே பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டிரஸ்டு பெரிய பேனர் வைத்திருக்கிறது என்றும், கீழே உன் பெயர் போட்டிருக்கிறது என்றும் பாஸ்டரம்மா வாசித்துக் காட்டினாராம். அம்மாவுக்குக் கண்ணில் புரை. ஒரே செவப்பாக, நெருப்பு மாதிரி, நடுவில் யாரோ ஒரு ஆள் நின்றது மட்டும் தெரிந்ததாம். அதில் ஒரு பிரதி எடுத்துச் சட்டம் போட்டுத் தரச் சொல்லி என்னிடம் கேட்கிறார்கள்.

அத்தான் பார்க்க வேண்டும் என்றார். வேண்டாம் என்று சொல்லிப்பார்த்தேன். கழுத்தைச் சுற்றித் துண்டு போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார், நானும் போனேன். ஐயப்ப சாமிகளின் சீசன், குற்றாலம் முழுக்கக் கறுப்பு வேட்டி, ஈரத் தலை, சிப்ஸ் கடை. அதற்கு நடுவே ஒரு மாடி உயரத்துக்கு அந்த பேனர்.

நல்ல படம்தான். பொய் சொல்ல மாட்டேன். பாலத்து மேல் எஞ்சின், அதன் மேல் நீ கேட்ட கறுப்புப் புகை, பின்னால் மலை, சாரல். எஞ்சினுக்குள்ளே தீ ஒரு சேலையை உதறியதுபோல விரிந்திருக்கிறது. அதன் வெளிச்சத்தில் கரி அள்ளும் ஷவலோடு திரும்புகிறார் உன் அத்தான். தீ இன்னும் அவர் மேல் படவில்லை. முகம் தெளிவாகத் தெரிகிறது, பயம்கூட இன்னும் வரவில்லை. கீழே, வாருங்கள், நீராவிக் காலத்துக்குத் திரும்புவோம் என்று எழுதியிருக்கிறது. அத்தானின் பெயர் இல்லை. டிரஸ்டுக்கு இந்தப் படத்தை நீதானே கொடுத்திருப்பாய்?

அன்று அவர் சத்தம் போட்டதும் எல்லாரும் எஞ்சினை நோக்கி ஓடினோம். நான் தூக்குவாளித் தண்ணீரோடு ஓடினேன். உன் விருந்தாளிகள் கேமராவைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார்கள், பேர் தெரியாத வெள்ளைக்காரர் தன் கோட்டைக் கழற்றி அவர் மேல் போர்த்தினார். ஜெஸ்வின் எங்கே என்று அத்தான் கேட்டார். உனக்கும் ஏதாவது ஆகிவிட்டதோ என்று அந்த நிலைமையிலும் பயந்தார். நீ ஏன் வரவில்லை என்று யோசிக்க எனக்கு அப்போது நேரம் இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் நீ அதிர்ச்சியில் நின்றுவிட்டாய், சின்னப் பிள்ளையிலிருந்தே ரத்தம் பார்த்தால் உனக்கு மயக்கம் வரும் என்றே நினைத்துக்கொண்டேன். பேனர் முன்னால் நின்றபோதுதான் புரிந்தது. கொஞ்சமும் கலங்காத படம் அது. கை ஆடாமல் எடுத்திருக்கிறாய்.

நாங்கள் அங்கே நிற்கும்போது சாமிமார் இரண்டு பேர் செல்ஃபி எடுக்க வந்தார்கள். பேனர் முழுவதும் விழ வேண்டும் போலிருக்கிறது. ஒருவர் அத்தானிடம் மரியாதையாகத்தான் சொன்னார், “அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளிக்கிடுங்க. மறைக்கி.” அத்தான் தள்ளி நின்றார். முகத்தைப் பார்த்துவிட்டு அந்த ஆள் கண்ணை எடுத்துக்கொண்டார். அது நான்தான் என்று சொல்லுங்கள் என்று நான் அத்தானின் கையைப் பிடித்தேன். சொல்லவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, “இனி என் மொகம் முழுசா இருக்கது அங்கனதான் ஏட்டி. கிழியாம இருந்தா சரி” என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும், படம் நன்றாக வந்திருக்கிறது என்று உனக்கு எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன். அது அவர் சொன்னது.

நான் சொல்வது ஒன்றுதான். சான்றிதழ் திரும்ப வராது, அதைக் கேட்கவில்லை. அண்ணாச்சி வேலையைக் கேட்கவில்லை. தீப்பிடித்தபோது நீ குற்றாலத்தில் லாட்ஜில் இருந்ததாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். நானும் அதை மறுத்துப் பேசவில்லை. ஜனவரியில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். கட்டு அவிழ்த்ததும் தன் மகன் எடுத்த படத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு முன்னால் போன் செய்து, நடுவில் நிற்பது யார் என்று உன் வாயால் சொல்லிவிடு. அந்த வேலையை மட்டும் என்னிடம் விட்டுவிடாதே.

அங்கே பனி கொட்டுகிறதாம், தண்டவாள ஓரத்தில் நெடுநேரம் நிற்காதே. கர்த்தர் உன் கண்ணுக்கும் கைக்கும் ஒரு குறையும் வராமல் காக்கட்டும். இரண்டும் உனக்கு நன்றாக வேலை செய்கின்றன. மற்றதையும் அவரே உனக்குத் தரட்டும்.

ஷெர்லின்.