பெருமாள் வேண்டாமென்ற வெள்ளி லென்ஸ்

12-1-1983, புதன். இரவு.

கிடைத்துவிட்டது! இந்த ரஷ்ய கேமரா லென்ஸில் கறுப்பும், கறுப்பு வெள்ளை கலந்ததும் என்னிடம் உண்டு. முழுக்க வெள்ளி நிறத்தில் ஒன்றுதான் இத்தனை வருடமாகச் சிக்கவில்லை. இன்று உசிலம்பட்டியில், மூடப்போகிற ஒரு ஸ்டூடியோவில் இருந்தது. என்னைப் போலவே லென்ஸ் சேர்க்கிற பெருமாளும் கூட வந்திருந்தான். முதலில் கையில் எடுத்தது அவன்தான்.

லென்ஸைத் திருகுகிற வளையத்தின் பள்ளங்களில் மஞ்சள் மஞ்சளாகத் தெரிந்தது.

"மெருகு போயி பித்தளை தெரியுது. எனக்கு வேணாம் பாய், நீங்க வேணா எடுத்துக்கங்க" என்றான்.

வாங்கிப் பார்த்தேன். அத்தனை லேசு. அலுமினியம். அதில் பித்தளை எங்கிருந்து வரும்? அதை அவனிடம் சொல்லாமல் காசை எடுத்துக் கொடுத்தேன்.

வீட்டில் ஈரத்துணியால் துடைத்தேன். சந்தனம்! வருடா வருடம் ஆயுத பூஜைக்கு ஸ்டூடியோக்காரர் வைத்தது. அடியில் ஒரு கீறல்கூட இல்லை. தன் சைக்கிளுக்கும் அரிவாளுக்கும் சந்தனம் பூசுகிற பெருமாளுக்கு இது தெரியவில்லை!

சொல்லியிருக்கலாமோ... போகட்டும். ஒரு பள்ளத்தில் மட்டும் சந்தனத்தைத் துடைக்காமல் விட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பெருமாள் வருவான். மோந்து பார்க்கட்டும்.